கம்பி முடி நாயும் 'அச்' தும்மலும்

நீளமான உடம்பு. குட்டைக் கால்கள். தரையைத் தொடுவது போலத் தொங்கும் வயிறு. முகத்தில் தாத்தாவைப் போலத் தாடியும் மீசையும். பார்த்ததும் சிரிப்பு வரவழைக்கும் இந்த நாய்க்குக் 'கம்பி முடி டாஷ்ஹண்ட்' என்று பெயர்.

"இதற்கு முடி அதிகம் கொட்டாது. அலர்ஜி உள்ளவர்கள் கூடத் தைரியமாக வளர்க்கலாம்" என்று பலர் சொல்வதுண்டு. நாய் என்றால் உயிர். ஆனால் நாய் அருகில் வந்தாலே தும்மல். இப்படி இருக்கும் பிள்ளைகளுக்கு இதைக் கேட்டதும் மகிழ்ச்சி தாங்காது. ஆனால் அது உண்மைதானா? வாருங்கள் மாணவச் செல்வங்களே, பார்ப்போம்!

வளைக்குள் நுழையும் வீரன்

டாஷ்ஹண்டின் தாயகம் ஜெர்மனி. ஜெர்மன் மொழியில் 'டாக்ஸ்' என்றால் பேட்ஜர் என்ற விலங்கு; 'ஹுண்ட்' என்றால் நாய். பேட்ஜர் மண்ணுக்குள் வளை தோண்டி வாழும். அந்த வளைக்குள் புகுந்து அதை விரட்டத்தான் இந்த நாய்க்கு நீள உடம்பும் குட்டைக் காலும் அமையும்படி வளர்த்தார்கள். இந்த இனத்துக்காக 1888-லேயே ஜெர்மனியில் ஒரு சங்கம் தொடங்கினார்கள்.

டாஷ்ஹண்டில் மூன்று வகை உண்டு. வழவழப்பான முடி, நீளமான முடி, கம்பி போல விறைப்பான முடி. முட்புதருக்குள் ஓடும்போது உடம்பில் கீறல் படாமல் காப்பது இந்தக் கம்பி முடிதான்.

1972-ல் மியூனிக் நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியின் சின்னம் எது தெரியுமா? 'வால்டி' என்ற வண்ண வண்ண டாஷ்ஹண்ட்! கோடைக்கால ஒலிம்பிக்கின் முதல் அதிகாரபூர்வ சின்னம் அதுதான்.

குற்றவாளி முடி அல்ல

நாய் முடி மூக்கில் ஏறுவதால்தான் தும்மல் வருகிறது என்று நினைக்கிறோம். அது தவறு. தும்மலுக்குக் காரணம், நாயின் உடம்பில் உண்டாகும் சில புரதங்கள். அவற்றில் முக்கியமானதற்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் 'கேன் எஃப் 1'. இது நாயின் எச்சிலிலும், தோலிலிருந்து உதிரும் பொடுகிலும் இருக்கிறது. நாய் தன் உடம்பை நக்கிக் கொள்ளும்போது முடி முழுவதும் பரவுகிறது. எச்சில் காய்ந்ததும் தூளாகிக் காற்றில் மிதக்கிறது. திரைச்சீலை, மெத்தை, நம் சட்டை என்று எல்லாவற்றிலும் ஒட்டிக் கொள்கிறது.

முடி குறைவாகக் கொட்டலாம். ஆனால் எச்சில் இல்லாத நாய் உண்டா? தோல் இல்லாத நாய் உண்டா? வழவழப்பான உடம்பு கொண்ட நம் ராஜபாளையம் நாய்க்கும் இதே கதைதான்.

இன்னொரு வேடிக்கை. 'கேன் எஃப் 5' என்ற புரதம் ஆண் நாய்களிடம் மட்டுமே உண்டாகிறது. அது மட்டும் ஒத்துக்கொள்ளாத சிலருக்குப் பெண் நாயிடம் தொல்லை வராமல் இருக்கலாம்.

அவசரப்படும் காவல்காரர்

நம் உடம்புக்குள் நோய் எதிர்ப்பு சக்தி என்ற காவல்காரர் இருக்கிறார். கிருமிகளைத் தடுப்பது அவர் வேலை. சிலருடைய காவல்காரர் கொஞ்சம் அவசரக்காரர். கடிதம் கொண்டு வரும் தபால்காரரைத் திருடன் என்று நினைத்துப் பள்ளிக்கூட மணியையே அடித்து விடுவது போல, தீங்கு செய்யாத நாய்ப் புரதத்தைப் பகைவன் என்று நினைத்து விடுகிறார். உடனே உடம்பில் 'ஹிஸ்டமின்' என்ற பொருள் வெளிப்படுகிறது. தும்மல், மூக்கில் நீர், கண் அரிப்பு, தோலில் தடிப்பு எல்லாம் அதனால்தான். சிலருக்கு மூச்சு இளைப்பும் வரும்.

இதற்கு 'அலர்ஜி' என்று 1906-ல் பெயர் சூட்டியவர், வியன்னா நகரின் குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் ஃபான் பிர்கே. தமிழில் ஒவ்வாமை என்கிறோம்.

ஆராய்ச்சி சொன்ன உண்மை

'அலர்ஜி தராத இனம்' என்று சொல்லப்படும் நாய்களை விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 173 வீடுகளின் தரைத் தூசியை எடுத்து ஆராய்ந்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்த இனங்கள் இருந்த வீட்டிலும் மற்ற நாய்கள் இருந்த வீட்டிலும் நாய்ப் புரதத்தின் அளவில் வித்தியாசம் இல்லை! 2012-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், அந்த இனங்களின் முடியில் புரதம் அதிகமாகவே இருந்தது.

ஆனால் ஒரே இனத்திலும் நாய்க்கு நாய் புரத அளவு மாறும். அதனால் இனத்தின் பெயரை நம்பி முடிவு செய்யாமல், வளர்க்கப் போகும் அதே நாயுடன் பல நாள் பழகிப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் மருத்துவரிடம் சென்று தோல் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

ஏன் இவ்வளவு யோசனை? டாஷ்ஹண்ட் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. ஆறாம் வகுப்பில் வாங்கினால், நீங்கள் கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் வரை அது உங்களோடு இருக்கும். பிடிக்காத பொம்மையைப் பரணில் போட்டு விடலாம். பழகிய நாயை வீட்டை விட்டு அனுப்பினால், அது வாசலைப் பார்த்துக் கொண்டே இருக்கும். தும்மல் உங்களுக்கு, தண்டனை அதற்கா?

சேர்ந்து வாழச் சில வழிகள்

அலர்ஜி லேசாகத்தான் இருக்கிறது, நாய் வளர்க்கலாம் என்று மருத்துவரும் சொல்லி விட்டாரா? அப்படியானால் இவற்றைக் கடைப்பிடியுங்கள்.

* படுக்கை அறைக்குள் நாய்க்கு அனுமதி இல்லை. நாம் தூங்கும் நேரமாவது நல்ல காற்றைச் சுவாசிக்கலாம்.

* விளக்குமாற்றால் பெருக்கினால் தூசி பறக்கும். ஈரத்துணியால் தரையைத் துடையுங்கள். கம்பளம் வேண்டாம்.

* குளிப்பாட்டினால் நாயின் மேல் உள்ள புரதம் குறையும். ஆனால் சில நாளிலேயே பழைய அளவுக்கு வந்து விடும். பலன் வேண்டுமானால் வாரம் இரண்டு முறை குளிப்பாட்ட வேண்டும். நாயின் தோலுக்கு அது ஏற்குமா என்று கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

* கம்பி முடி நாய்க்கு ஆண்டுக்குச் சில முறை, உதிர வேண்டிய பழைய முடியைக் கையால் மெதுவாக எடுத்து விடுவார்கள். இதையும், தினமும் சீவி விடுவதையும் அலர்ஜி இல்லாதவர் வீட்டுக்கு வெளியே செய்யட்டும்.

* நாயைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். முகத்தை நக்க விடாதீர்கள்.

* 'ஹெப்பா' வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும். ஆனால் அது மட்டும் போதாது.

இதில் ஓர் அழகான ஒற்றுமை இருக்கிறது. டாஷ்ஹண்டின் நீள முதுகெலும்பு எளிதில் பாதிக்கப்படும். கட்டிலிலும் சோபாவிலும் தாவி ஏறி இறங்கினால் முதுகு கெட்டு, நடக்க முடியாமல் கூடப் போகலாம். ஆகவே, 'கட்டிலில் ஏறாதே' என்ற ஒரே விதி உங்கள் மூக்கையும் காக்கும், அதன் முதுகையும் காக்கும்! தூக்கும்போதும் ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை பின்பக்கத்துக்கு அடியில் இருக்கட்டும்.

மறைக்காதீர்கள்!

நாயை யாராவது அனுப்பி விடுவார்களோ என்று பயந்து சிலர் இருமலையும் இளைப்பையும் மறைப்பார்கள். அது ஆபத்து. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு இறுகுவது போல இருந்தாலோ உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரை போடக் கூடாது. ஆஸ்துமா இருப்பவர்களிடம் "நாய் வேண்டாம்" என்று மருத்துவர் சொன்னால், அந்தச் சொல்லைக் கேட்பதுதான் புத்திசாலித்தனம். நாய்களின் படம் வரையலாம். அவற்றைப் பற்றிப் படிக்கலாம். தெரு நாய் குடிக்க வாசலில் தண்ணீர் வைக்கலாம். அன்பு காட்ட வழிகளா இல்லை?

உங்கள் வகுப்பிலும் நாயைக் கண்டு ஒதுங்கும் நண்பன் ஒருவன் இருக்கலாம். அவனைப் 'பயந்தாங்கொள்ளி' என்று கேலி செய்யாதீர்கள். அவனுக்கு நாய் மீது ஆசை இருக்கலாம். அவனுடைய அவசரக்காரக் காவல்காரர்தான் விடவில்லையோ என்னவோ!