பொழுதுக் கணக்கு

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவ்வரசனது 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், அவை பொறிக்கப்பெற்றன. குடவோலை இட்டு வாரியப் பெருமக்களைத் தேர்ந்த முறையினை அவை விரித்துரைக்கின்றன என்பதனை வரலாற்றுப் பாடத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். குடும்புகள் முப்பது, அகவை முப்பத்தைந்து முதல் எழுபது வரை என்று மாணவர் பலர் அவ்விதிகளைத் தடையின்றி ஒப்புவிப்பர். ஆயினும், அவற்றுள் ஒரு விதி பலர் கருத்தில் நிற்பதில்லை. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்கு உரியர் அல்லர். அவர்தம் நெருங்கிய உறவினரும் உரியர் அல்லர் என்பதே அவ்விதி. பிறர் பொருளைக் கவர்ந்தவனுக்கு வேறு விலக்கு உண்டு. கணக்குக் காட்டாதவன் ஒன்றையும் கவரவில்லை எனினும், காட்டாமையே போதிய குற்றமாகக் கருதப்பட்டது.

அவ்வூர்க் கடைத்தெருவில் இன்று சென்று காண்மின். மளிகைக் கடை, துணிக் கடை, உரக் கடை, மருந்துக் கடை, சிற்றுண்டிச் சாலை என வரிசையாக உள்ளன. ஒவ்வொன்றிலும் இருவரோ ஐவரோ வேலை செய்கின்றனர். கடைக்காரரிடம் சிட்டை உண்டு, பேரேடு உண்டு, கடன் வாங்கியவர் பெயர் எழுதிய குறிப்பேடு உண்டு. துவரம் பருப்பில் கால் கிலோ குறைந்தாலும் இரவே தெரிந்துவிடும். ஆனால், அவர் நாள்தோறும் விலை கொடுத்து வாங்கும் பொருள்களுள் ஒன்று மட்டும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அது வேலையாளின் பொழுது. “அவன் நம் வீட்டுப் பிள்ளை போன்றவன், அவனுக்கு என்ன மணிக் கணக்கு?” என்பார் முதலாளி. அச்சொல்லில் அன்பு இல்லை என்று யான் கூறேன். எனினும், வீட்டுப் பிள்ளைக்கு ஒருநாள் அக்கடையே உரிமையாகும். வேலையாளுக்கு ஆவது கூலி ஒன்றே.

பொழுதை அளத்தல் தமிழர்க்குப் புதிதன்று. அறுபது நாழிகை கொண்டது ஒரு நாள். ஒரு நாழிகை இருபத்து நான்கு நிமிடம். பாசறையில் இருந்த அரசனுக்கு நீர் வட்டிலால் பொழுதளந்து கூறியவர்களை முல்லைப்பாட்டுக் காட்டுகிறது. அன்று அரசனுக்காக அளந்த பொழுது, உழைப்பவனுக்காகவும் அளக்கப்பெறுதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

ஆலைகளில்தான் அது தொடங்கிற்று. 1911ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் வளர்ந்த ஆடவர் நாள்தோறும் 12 மணி நேரம் வேலை செய்ய இடம் தந்தது. சென்னைப் பெரம்பூரில் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா அவர்களும் திரு. வி. கலியாணசுந்தரனார் அவர்களும் அதற்குத் துணை நின்றனர். அடுத்த ஆண்டில் உலகத் தொழிலமைப்பு வாசிங்டனில் கூடித் தன் முதல் உடன்படிக்கையிலேயே நாளைக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்று வரையறுத்தது. இந்தியாவிற்கு வாரம் 60 மணி என விலக்களித்தனர். 1922இல் இங்கு 60 மணியாகவும், 1934இல் 54 மணியாகவும், 1946இல் 48 மணியாகவும் வாரவேலை குறைந்தது. சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடிய 1923ஆம் ஆண்டு இவற்றின் இடையே வருகிறது. ஒன்றன்பின் ஒன்றாகக் குறைந்தமையால், எளிதிற் கிடைத்தவை என எண்ணற்க. ஒருமுறை குறைந்தது மீண்டும் கூடுதலும் உண்டு. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் நாள் வேலையை 12 மணி வரை நீட்டுதற்கு இடந்தரும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. எதிர்ப்பு மிகவே, அவ்வாண்டு மே நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

ஆலைக்கு வெளியே, சிறு கடைகளில் வேலை செய்வோர்க்கு 1947இல் சென்னை மாகாணத்தில் கடைகள், நிறுவனங்கள் சட்டம் இயற்றப்பெற்றது. அதன் விதிகளைச் சற்று நின்று காண்போம். ஏனெனில், இங்கேதான் கணக்கு நுட்பமாகிறது.

கடையில் வேலை செய்பவனுக்கு நாளைக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்பது பொது வரம்பு. மிகைவேலை செய்விக்கலாம், ஆனால் அதனையும் சேர்த்து நாளைக்கு 10 மணியும், வாரத்திற்கு 54 மணியும் கடத்தலாகாது. மிகைப்பொழுதிற்குக் கூலி இருமடங்கு. தொடர்ந்து 4 மணி நேரத்திற்குமேல் வேலை வாங்குதல் கூடாது. இடையே ஒரு மணி நேரமேனும் ஓய்வு வேண்டும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. ஓய்வையும் உட்படுத்தி, வேலை தொடங்குவது முதல் முடிவது வரை உள்ள நீட்சி 12 மணியை விஞ்சுதல் ஆகாது.

நாளைக்கு 10 மணி வரை இசைவு உண்டு என்று கேட்ட கடைக்காரர் ஒருவர், ஆறு நாளும் பத்துப் பத்து மணி வேலை வாங்கலாம் எனக் கருதுவாராயின், அவர் பிழைபட்டவர் ஆவார். ஆறு பத்து அறுபது. வார வரம்போ 54. ஆகவே, மூன்று நாள் பத்து மணி வாங்கினால், எஞ்சிய மூன்று நாளும் எட்டு மணியே வாங்கலாம். நாளின் வரம்பும் வாரத்தின் வரம்பும் ஒருங்கே காக்கப்பெறல் வேண்டும். நாள் கூலி 480 ரூபாய் எனக் கொள்வோம். எட்டு மணிக்கு அதனைப் பகுத்தால் மணிக்கு 60 ரூபாய். மிகைப்பொழுதிற்கு 120 ரூபாய். அவ்வாரத்தின் ஆறு மணி மிகைவேலைக்கு 720 ரூபாய் சேரும். ஒன்றரை நாட் கூலியாகிய இத்தொகை, வேலையாளின் வீட்டில் சிறு தொகை அன்று.

நம் பக்கத்துக் கடைகள் பலவற்றை உறுத்தும் விதி நீட்சி பற்றியதே. கோடையில் நண்பகல் வெயிலுக்குக் கடையைச் சாத்துவர். காலை ஏழு மணி முதல் பதினொன்று வரை வேலை. பின் மாலை ஐந்து முதல் இரவு ஒன்பது வரை வேலை. வேலை எட்டு மணிதான். இடையே ஆறு மணி ஓய்வும் உண்டு. இதில் என்ன குற்றம் என்று தோன்றும். ஆனால் ஏழு முதல் ஒன்பது வரை 14 மணி ஆயிற்று. அருகிலுள்ள சிற்றூரிலிருந்து பேருந்தில் வருபவன் நண்பகலில் வீடு சென்று மீள்தல் அரிது. அவன் ஓய்வு கடைத் திண்ணையிலேயே கழியும். அப்பொழுது அவனுடையது போலத் தோன்றினும், அவனுக்குப் பயன்படுவதன்று. ஆதலின் சட்டம் நீட்சியையும் அளந்தது. இவ்விதியை வகுத்தவர் கடைத்தெருவை நன்கு அறிந்தவராதல் வேண்டும்.

உங்களை ஒத்த அகவையினர்க்கு வேறு விதி. பதினான்கு வயது நிரம்பாதவரை வேலைக்கு வைத்தலே ஆகாது. பதினான்கு நிரம்பிப் பதினேழு நிரம்பாதவர்க்கு நாளைக்கு 7 மணி, வாரத்திற்கு 42 மணி. காலை ஆறுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் வேலை இல்லை. மிகைவேலை அறவே இல்லை. கோடை விடுமுறையில் துணிக் கடைக்குச் செல்லும் மாணவர் இதனை நினைவிற் கொள்க. அத்தகைய கடைகளில் நாள் முழுதும் நின்றே வேலை செய்தோர்க்கு இருக்கை தருதல் வேண்டும் என்னும் திருத்தம் 2021இல் தமிழ்நாட்டில் செய்யப்பெற்றது. கேரளத்தார் இதில் நமக்கு முற்பட்டனர்.

இவ்வரம்புகள் யாவும் ஏடு ஒன்று இல்லையேல் காற்றில் எழுதிய எழுத்தே. தீபாவளிக்கு முந்திய இரு வாரங்களை எண்ணிப் பாருங்கள். வேலையாள் நள்ளிரவு வரை நின்று துணி மடிக்கிறான். தைப் பொங்கலுக்குப் பின் அவன் வேலையை விடுகிறான். மிகைக்கூலி தரப்படவில்லை என்கிறான். முதலாளியோ, கையிற் கொடுத்துவிட்டேன் என்கிறார். இருவரும் மெய்யே நினைப்பவராகவும் இருக்கலாம். மூன்று திங்களில் நினைவு தேய்ந்துவிடும். ஏடு இருப்பின் வழக்கே இல்லை. ஏடு இல்லாமையால் வேலையாள் இழப்பதும் உண்டு. கொடுத்த முதலாளியே மீண்டும் கொடுக்க நேர்வதும் உண்டு.

எழுதும் முறை அரிதன்று. வந்த நேரம், ஓய்வுக்குச் சென்ற நேரம், மீண்ட நேரம், முடித்த நேரம் என நான்கு கட்டங்கள். மிகைப்பொழுதிற்கு ஒரு கட்டம். கையொப்பத்திற்கு ஒரு கட்டம். அவ்வப்பொழுதே எழுத வேண்டும் என்பதே இதன் உயிர். திங்கள் இறுதியில் ஒரே அமர்வில் எழுதப்பெற்ற ஏட்டினைத் தொழிலாளர் துறை ஆய்வாளர் எளிதிற் கண்டுகொள்வர். முப்பது நாளும் ஒரே மை, ஒரே சாய்வு; எல்லா நாளும் ஒன்பது மணிக்கு வந்து ஆறு மணிக்குச் சென்றதாக இருக்கும். வார விடுமுறை நாளிலும் அவன் வந்ததாக எழுதப்பட்டிருத்தலும் உண்டு! அன்றியும், இரவு எட்டரை மணிக்கு அவன் கையால் எழுதிய விற்பனைச் சீட்டு ஒன்று அடிக்கட்டையில் கிடந்து உண்மையைச் சொல்லிவிடும். மெய்யான ஏட்டில் ஒருநாள் 8.55, ஒருநாள் 9.10 என ஒழுங்கின்மை காணப்பெறும். அவ்வொழுங்கின்மையே அதற்குச் சான்று.

வேலையாளும் தன் சட்டைப் பையில் ஒரு சிறு குறிப்பேடு வைத்து, தன் மணிகளைத் தானே எழுதி வருதல் நன்று. முதலாளியை ஐயுறுதற்கு அன்று; இரு கணக்கும் ஒத்தால் ஐயத்திற்கே இடமில்லாது போம். வாரக் கடைசியில் இரண்டினையும் ஒப்பிட்டுக் கூட்டுத்தொகை எழுதிக் கையொப்பமிட ஐந்து நிமிடம் செல்லும். அந்த ஐந்து நிமிடமும் வேலைப்பொழுதிலேயே சேரும்.