அரிசி டிரம்மில் மாங்காய்

மாங்காயை அரிசிக்குள் புதைத்து வைத்தால் சீக்கிரம் பழுத்துவிடும். ஆனால் பழுக்க வைப்பது அரிசி இல்லை, காயேதான். முற்றிய காய் எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது. வெளியில் வைத்தால் அது காற்றோடு போய்விடும். அரிசிக்குள் காயைச் சுற்றியே தங்கும். வைக்கோலும் காகிதப் பையும் செய்வது இதே வேலைதான்.

எத்திலீன் படப்பட, காய் இன்னும் அதிகமாக எத்திலீனை விடும். மாவுச்சத்து சர்க்கரையாகும், பச்சை மறையும், சதை இளகும், மணம் வரும். ஒரு பழுத்த வாழைப்பழத்தைக் கூடப் போட்டுப் பையை மூடினால் வேலை இன்னும் விரைவாகும். வாழைத்தாருக்கு மூட்டம் போடுவதும் இதற்காகத்தான். புகையிலும் எத்திலீன் உண்டு. பழமே இந்த வாயுவை உண்டாக்குகிறது என்று 1934இல் இங்கிலாந்தில் ரிச்சர்டு கேன் நிறுவினார். நம் மூட்டம் அதற்கெல்லாம் முந்தையது.

எல்லாக் காய்க்கும் இது பலிக்காது. மா, வாழை, பப்பாளி, சப்போட்டா, தக்காளி பறித்த பிறகும் பழுக்கும். திராட்சை, ஆரஞ்சு, மாதுளைக்குப் பறித்தபோது இருந்த இனிப்புதான். புளித்த திராட்சையை எத்தனை நாள் வைத்தாலும் புளிப்புதான், வாடல் மட்டும் கூடும்.

மாங்காயிலும் முற்றியதைப் பார்த்து எடுக்க வேண்டும். காம்பின் இருபுறமும் தோள் உப்பி, காம்பு பள்ளத்தில் இறங்கியிருந்தால் முற்றல். இளங்காயை வைத்தால் வெம்பிப்போகும்: தோல் சுருங்கும், உள்ளே புளிப்பு. காம்பை ஒட்ட ஒடிக்கவும் கூடாது. வடியும் பால் தோலைப் பொசுக்கிக் கறையாக்கிவிடும். டிரம்மைத் தினம் ஒருமுறை கிளறிப் பாருங்கள். மறந்துபோன ஒரு பழம் அழுகினால் அரிசியும் பாழ்.

கடைக்காரர் அவசரத்துக்கு வைக்கும் கார்பைடு கல் வேறு சங்கதி. ஈரம் பட்டதும் அது அசிட்டிலீனை விடும். கூடவே ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பும் வரும். இந்தியாவில் அதற்குத் தடை உண்டு. எத்திலீன் வாயு அறைக்கு 100 பிபிஎம் வரை அனுமதி இருக்கிறது. அதற்கு மிரள வேண்டியதில்லை.

தக்காளியை ஜன்னல் வெயிலில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். பழுக்க வெளிச்சம் தேவையில்லை. 30 டிகிரிக்கு மேல் சூடேறினால் சிவப்பு நிறமி சரியாகச் சேராமல் மஞ்சளாகவே நின்றுவிடும். வாழைக்காய்க்கோ குளிர் ஆகாது. 13 டிகிரிக்குக் கீழே தோல் கறுத்து, பழுப்பதே தடைப்படும். பழுத்த பிறகு ஃபிரிட்ஜில் வைத்தால் தோல்தான் கறுக்கும், சதை சில நாள் தாங்கும்.