ஓடச் சொல்வதற்கு முன் ரத்தத்தைப் பாருங்கள்

"மூச்சு வாங்குதா? இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடு!" தேனியிலிருந்து கூடலூர் வரை, கால்பந்துப் பயிற்சி நடக்கும் மைதானங்களில் இந்தக் குரல் ஓயாமல் கேட்கிறது. பின்தங்குகிற பிள்ளைக்குச் சோம்பேறிப் பட்டம். அதன் உடம்பில் போதுமான ரத்தம் இருக்கிறதா என்று கேட்பார் இல்லை.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. பையன்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு. ரத்தசோகை இருக்கும் பிள்ளையை எவ்வளவு விரட்டினாலும் தாக்குப்பிடிக்கும் திறன் வராது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை இலவசம். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் முதலில் மருத்துவம், பிறகு ஓட்டம். பள்ளியில் வாரந்தோறும் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை புத்தகப்பையின் அடியில் கிடக்கிறது. சாப்பிட்டபின் விழுங்கச் செய்யுங்கள். கையோடு டீ கொடுக்காதீர்கள், டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.

சின்னமனூர் பக்கம் 13 வயதுப் பையன் ஒருவனைப் பார்த்தேன். ஒரே வருடத்தில் பேன்ட் கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்டது. முழங்கால் சிப்பிக்குக் கீழே பட்டாணி அளவு புடைப்பு. விரல் பட்டாலே துடித்தான். வீட்டில் எண்ணெய் போட்டு நீவி, துணி கட்டி, மறுநாளே ஆட அனுப்பியிருந்தார்கள். சுளுக்கு இல்லை என்றார் எலும்பு மருத்துவர். பெண்பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும் பையன்கள் 14 வயதை ஒட்டியும் மடமடவென்று வளர்வார்கள். அப்போது எலும்பின் வளரும் பகுதி இளசாக இருக்கும். தொடைத்தசை இழுக்க இழுக்க அந்த இடம் நோகும். ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்தால் பெரும்பாலும் தானே ஆறும். நீவாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து எழுதி வையுங்கள்; சட்டென்று உயரும் காலத்தில் பயிற்சியைக் குறையுங்கள்.

பயிற்சியாளர்களே, ஃபிஃபாவின் '11+' தயார்ப் பயிற்சிக்கு 20 நிமிடம் போதும், பெரிய செலவும் இல்லை. சிறுவர்களுக்கான அதன் வடிவம் காயங்களை ஏறத்தாழ பாதியாகக் குறைத்ததாக ஆய்வு சொல்கிறது. போட்டி நடத்துவோரிடம் கோப்பை வாங்கப் பணம் இருக்கிறது. முதலுதவிப் பெட்டிக்கு மட்டும் இல்லையா? பிள்ளையைப் பார்க்காமலே உடல்தகுதிச் சான்றில் கையெழுத்துப் போடுவதும் வாங்குவதும் குற்றம் என்று எப்போது உணர்வோம்? ஓடும்போது ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். இதயத்தைப் பரிசோதிக்கும்வரை களத்தில் இறக்காதீர்கள்.

காயம் பெரிதானால் க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தனியாரிடம் போக நேர்ந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றுடன் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். போகும் தனியார் மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள். ரேஷன் கார்டில் பெயர் இல்லாத பிள்ளைக்கு இந்த அட்டை உதவாது. கால் முறிந்தபின் பெயர் சேர்க்க அலைந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

மறுபடியும் சொல்கிறேன்: வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் ஆட்டத்தை நிறுத்துங்கள், நீவாதீர்கள். இன்றைக்கே ரேஷன் கார்டை எடுத்துப் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.