மென்பொருள் வினாக்களின் ஆங்கில நடைத்திருத்தமும் தமிழாக்கச் சிக்கல்களும்: டெபியன் இயக்குதளத்தை முன்வைத்து

மென்பொருள் தொகுப்பு ஒன்றைக் கணினியில் நிறுவும்போது அது பயனரிடம் சில வினாக்களைத் தொடுப்பதுண்டு. கடவுச்சொல் யாது, பழைய தரவுகளை நீக்கலாமா, எவ்வட்டில் எழுதுவது என்பன போன்ற இவ்வினாக்களை எழுதுபவர் நிரலாளரே ஆவார். அவர் மொழிநடையிலும் தேர்ந்தவராக இருக்கவேண்டும் என்பதில்லை. 1993இல் இயான் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டத்தில் பல நாட்டுத் தன்னார்வலர் பங்கேற்கின்றனர். அவர்களுள் பலர்க்கு ஆங்கிலம் தாய்மொழியன்று. எனவே மூல வினாவே குழப்பமாக அமைந்துவிடின், அக்குழப்பம் எல்லா மொழிபெயர்ப்புகளிலும் பரவும்.

இச்சிக்கல் தமிழ்நாட்டிற்குத் தொலைவானதன்று. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸ் லினக்ஸும் நிறுவி வழங்கப்பட்டது. சி-டாக் உருவாக்கிய பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. ஆதலின் டெபியன் வினா ஒன்றன் சொல்லமைப்பு, உப்பிலியபுரம் போன்ற ஊர்களில் பயிலும் மாணவரின் திரை வரை எட்டக்கூடியது.

டெபியனில் இவ்வினாக்களைக் கையாளும் கருவி டெப்கான்ஃப் ஆகும். வினாக்களின் ஆங்கில நடையை முறையாகத் திருத்தும் பணி 2007இல் கிறிஸ்தியன் பெரியே முன்னெடுத்த ஸ்மித் மறுஆய்வு வழியாக வலுப்பெற்றது. முதலில் ஆங்கிலத்தைத் திருத்துவது, அதன் பின்னரே மொழிபெயர்ப்பாளரை அழைப்பது என்பது அதன் ஒழுங்கு. இவ்வரிசைக்குக் காரணம் உண்டு. மூலத்தொடரில் ஒரு காற்புள்ளி மாறினாலும் கெட்டெக்ஸ்ட் முறையில் பழைய மொழிபெயர்ப்பு ஐயத்திற்குரியதாகக் குறிக்கப்படும். அவ்வாறு குறிக்கப்பட்டதைப் பயனர் காணார், ஆங்கிலத்தையே காண்பார். மொழிபெயர்ப்பாளர் சிலரே உள்ள தமிழ் போன்ற மொழிக்குக் காலந்தாழ்ந்த திருத்தம், அது நல்ல திருத்தமே ஆயினும், இழப்பாகவே முடியும்.

டெபியன் வழிகாட்டுதல்கள் குறுவினா ஏறத்தாழ 50 எழுத்துருக்களுக்குள் அமையவேண்டும் என்கின்றன. ‘ஆம் என விடையளித்தால்’ என எழுதுவதையும் விலக்குகின்றன. ஒரே வினா ஓர் இடைமுகத்தில் பொத்தானாகவும் மற்றொன்றில் தெரிவுக்கட்டமாகவும் தோன்றக்கூடும் அன்றோ! தன்மை இடத்தில் எழுதுதலும் கூடாது. கணினி ஓர் ஆள் அன்று என்பதே கருத்து.

இவ்விறுதி விதி தமிழில்தான் கூர்மையான சிக்கலைத் தோற்றுவிக்கிறது. ஆங்கிலத்தில் வினையடி வினாக்குறியுடன் நின்றாலே ‘நீக்குதல் வேண்டுமா’ என்னும் பொருள் கிட்டும். பேசுவோர் யார் என்பது அங்குப் புலப்படாது. அதனை ‘நீக்கவா?’ எனத் தமிழாக்கினால், ‘நான்’ என்னும் எழுவாய் தொக்கு நிற்கிறது; ஆங்கிலத் திருத்தர் நீக்கிய தன்மை இடம் மீண்டும் நுழைகிறது. ‘நீக்க வேண்டுமா?’ என்பது இக்குறை அற்றது. ஆனால் இதற்கு எதிர்மறை விடை ‘வேண்டாம்’ என்பதாகும். ‘நீக்கலாமா?’ என்றால் ‘கூடாது’ அல்லது ‘வேண்டாம்’ என்பதே இயல்பான விடை. டெப்கான்ஃபிலோ ஆம், இல்லை என்னும் இரு சொற்களும் எல்லா வினாக்கட்கும் பொதுவாக ஒருமுறையே பெயர்க்கப்படுகின்றன. ‘நீக்க விரும்புகிறீர்களா?’ என்னும் வடிவமே ‘இல்லை’யோடு பொருந்துகிறது. இது நீளமானது, 50 எழுத்துரு வரம்பை எளிதில் நெருக்கும். எனினும் தரவு அழியும் இடங்களில் சுருக்கத்தைவிடத் தெளிவே முற்பட வேண்டும்.

தொகுப்பின் பெயர் வரவேண்டிய இடத்தில் மாறி ஒன்றை நிறுத்தும் வழக்கமும் ஈண்டுச் சுட்டத்தக்கது. ஆங்கிலத்தில் அப்பெயர் எவ்வாறு இருப்பினும் தொடர் மாறாது. தமிழிலோ வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டவேண்டும். பெயரின் ஈறு தெரியாமல் உடம்படுமெய் யகரமா வகரமா எனத் துணிய இயலாது. இதனால் மொழிபெயர்ப்பாளர் இடைக்கோடிட்டு ‘-ஐ’ எனச் சேர்க்கின்றனர், அல்லது ‘என்னும் தொகுப்பை’ என விரித்தெழுதுகின்றனர். பின்னது சற்று நீளினும் புணர்ச்சிப் பிழைக்கு இடந்தராதது. மூலத்திலேயே மாறியை அடுத்துத் ‘தொகுப்பு’ என்னும் பொதுப்பெயரைச் சேர்க்குமாறு ஆங்கில மறுஆய்வுக் கட்டத்திலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் கோரலாம்; உருபை ஒட்டி வழங்கும் பிற திராவிட மொழியினர்க்கும் அக்கோரிக்கை பயன்படும்.