அருவியைப் படமெடுத்தல்

அருவியைப் படம் எடுப்போர் பலர்க்கும் நேரும் ஏமாற்றம் ஒன்றுண்டு. கண்ணுக்கு இழையிழையாகத் தோன்றிய நீர், படத்தில் சுண்ணாம்பு பூசிய சுவர்போல் நிற்கும். இதற்குக் காரணம் கேமராவிலுள்ள ஒளியளவியின் இயல்பே.

வெண்பொருள், கரும்பொருள் என்னும் வேறுபாட்டை ஒளியளவி அறியாது. எதனைக் கண்டாலும் அதனை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கும் அளவையே கூறும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையோரத்து லாத்தா இஸ்கந்தார் அருவியைக் கொள்வோம். அகன்ற பாறைமீது நீர் பரந்து வழிகிறது; சூழ அடர்ந்த காடு. படத்தில் காடு மிகுந்தால், ஒளியைக் கூட்டுமாறு அளவி சொல்லும், நீர் வெளுத்துவிடும். நீரை மட்டும் அளந்தாலோ, நீர் சாம்பல் பூக்கும், காடு கரியாகும். ஆதலின் நீரை அளந்து, அதற்குமேல் ஒரு படி, அதாவது ஒளியை இருமடங்காக, கூட்டி எடுத்தல் நன்று. டிஜிட்டல் கேமராவில் முற்றும் வெளுத்த பகுதியைப் பின்னர் மீட்க இயலாது. உச்சிவெயிலினும் மேகம் மூடிய வேளையே ஏற்றது.

நொடியில் 500-இல் ஒரு பங்கு திறந்தால் துளிகள் தனித்தனியே நிற்கும். அரை நொடி திறந்தால் நீர் பட்டுபோல் படரும். இதற்கு முக்காலி வேண்டும். எல்லா அருவியையும் பட்டாக்குவது இக்காலத்து மோகம். மழைக்காலத்தில் இரைந்து விழும் நீருக்கு அது சற்றும் பொருந்தாது.

படத்தின் அமைப்பில், வெளிறிய வானத்தை விலக்குக. அடியில் ஒருவர் நின்றால் அருவியின் உயரம் விளங்கும். நீர் விழுந்து ஓடத் தொடங்கும் இடத்தை மட்டும் வெட்டிவிடலாகாது.