துணை தேடும் ஈஸ்ட்... சுவிட்ச் போடும் புரதம்!

பிரெட் மாவை உப்ப வைக்கும் ஈஸ்ட், ஒரே ஒரு செல் கொண்ட உயிர். கண் இல்லை, கால் இல்லை. ஆனாலும் அது துணை தேடுகிறது!

ஈஸ்ட்டில் ஆண், பெண் கிடையாது. ‘ஏ’, ‘ஆல்ஃபா’ என இரண்டு வகைகள்தான். ஆல்ஃபா செல், 13 அமினோ அமிலங்களால் ஆன ஒரு வேதிப்பொருளைத் தூது விடும். பக்கத்தில் இருக்கும் ‘ஏ’ செல் அதை உணர்ந்ததும், உள்ளே ரிலே ஓட்டம் ஆரம்பம். ஒரு புரதம் அடுத்ததைத் தட்டி எழுப்ப, செய்தி உட்கருவை எட்டும்.

அங்கே இருப்பதுதான் ‘ஸ்டெ 12’. இப்படி மரபணுக்களை இயக்கும் புரதங்களுக்கு ‘டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்’ என்று பெயர். சாதாரண நேரத்தில் டிக் 1, டிக் 2 என்ற இரண்டு காவலர்கள் இதை அடக்கி வைத்திருக்கும். தூது வந்ததும் பிடி தளரும். உடனே ஸ்டெ 12, இணைவதற்குத் தேவையான மரபணுக்களை இயக்கிவிடும். செல் பிரிவது நிற்கும். துணை இருக்கும் பக்கமாக மூக்குபோல நீண்டு, இரண்டும் ஒன்றாகிவிடும். ஸ்டெ 12 கெட்டுப்போனால் ஈஸ்ட்டால் இணையவே முடியாது.

இதில் நமக்கென்ன? இதே போன்ற ரிலே நம் செல்களிலும் உண்டு. அது ‘வளர்’ என்ற உத்தரவிலேயே சிக்கிக்கொள்வது, பல புற்றுநோய்களுக்கு ஒரு காரணம். செல் பிரிவதைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களை ஈஸ்ட்டில் கண்டறிந்த லேலண்ட் ஹார்ட்வெல், 2001-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். நம் உடலைப் புரிந்துகொள்ள, இந்தச் சின்ன உயிரும் வழிகாட்டுகிறது.