மறுக்கப்பட்ட மருத்துவக் காப்பீடு: நினைவூட்டலை நிறுத்தி வெளியே முறையிட வேண்டிய நேரம்

மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கை, அதாவது பேச்சு வழக்கில் 'கிளெய்ம்' எனப்படுவது, மறுக்கப்பட்டவுடன் பல குடும்பங்கள் பாலிசியை விற்ற ஏஜென்டையே நாடுகின்றன. அவர் காட்டும் முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்புகின்றன. பதில் வராதபோது அதே மின்னஞ்சலை மீண்டும் அனுப்புகின்றன. இவ்வாறு நினைவூட்டிக்கொண்டே இருந்தால் உரிமை காலாவதியாகாது என்ற நம்பிக்கை பரவலாக இருப்பினும், சட்டத்தில் அதற்கு இடமில்லை. மறுப்பு எழுத்தில் தெரிவிக்கப்பட்ட பிறகு காலவரம்பு ஓடத் தொடங்கிவிடுகிறது. அதன்பின் எத்தனை கடிதங்கள் அனுப்பினாலும் அவை பொதுவாக அந்தக் கணக்கைத் திருப்பித் தொடங்கி வைப்பதில்லை. ஆகவே நிறுவனத்திடம் பேசிப் பார்ப்பது எதுவரை, வெளியிலுள்ள அமைப்பை நாடுவது எப்போது என்பதைப் பாதிக்கப்பட்டவரின் பொறுமையைக் கொண்டு முடிவு செய்யாமல், விதிகள் குறித்துள்ள நாள்களைக் கொண்டு முடிவு செய்வதே பாதுகாப்பானது.

முதல் முறையீடு நிறுவனத்துக்குள்ளேயே செய்யப்பட வேண்டும். ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்திருக்க வேண்டும் என்பதும், அவர் இரண்டு வாரங்களுக்குள் புகாரைத் தீர்க்க வேண்டும் என்பதும் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் (ஐஆர்டிஏஐ) ஏற்பாடு. ஏஜென்டிடம் வாய்மொழியாகச் சொன்னதும், வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசியதும் இந்த முறையீட்டுக்கு ஈடாகா. எழுத்தில் அனுப்பி, அது சென்று சேர்ந்ததற்கான சான்றையும் வைத்திருந்தால்தான் அடுத்த படி திறக்கும். ஆணையம் நடத்தும் 'பீமா பரோசா' இணையதளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம். எனினும் ஆணையம் அப்புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதிலைக் கண்காணிக்குமே ஒழிய, நீதிபதியைப் போல் இரு தரப்பையும் விசாரித்துத் தீர்ப்பு வழங்காது.

தீர்ப்பு வழங்கும் அதிகாரம் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது 'ஓம்பட்ஸ்மேன்' எனப்படும் பதவியாளரிடம் உள்ளது. 2017ஆம் ஆண்டின் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் விதிகளின்படி, நிறுவனம் புகாரை நிராகரித்தாலோ, நிறைவளிக்காத பதிலைத் தந்தாலோ, ஒரு மாதம் கடந்தும் பதிலே தராவிட்டாலோ இவரிடம் செல்லலாம். ஆனால் அதிலிருந்து ஓராண்டுக்குள் சென்றாக வேண்டும். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ரூ. 50 லட்சம் வரை இழப்பீடு வழங்கும் அதிகாரம் கொண்ட இவரது தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நிறுவனம் அதை 30 நாள்களுக்குள் நிறைவேற்றாவிட்டால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 5,000 வீதம் புகார்தாரருக்குச் செலுத்த வேண்டும் என்று ஆணையம் 2024இல் வெளியிட்ட சுற்றறிக்கை கூறுகிறது. தீர்ப்பில் நிறைவு இல்லையெனில் புகார்தாரர் நீதிமன்றத்தையோ நுகர்வோர் ஆணையத்தையோ நாடத் தடையில்லை. மாறாக, நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போது அதே விவகாரத்தைக் குறைதீர்ப்பாளர் ஏற்கமாட்டார் என்பதால், எந்தக் கதவை முதலில் தட்டுவது என்பதை யோசித்தே முடிவு செய்ய வேண்டும்.

வெளியே செல்வதற்கு முன் மறுப்புக் கடிதத்தைச் சொல்சொல்லாகப் படிப்பது அவசியம். பாலிசியின் எந்த நிபந்தனையின் பேரில் மறுக்கப்படுகிறது என்பதைக் குறிப்பிட வேண்டிய கடமை நிறுவனத்துக்கு உண்டு. 'விதிமுறைப்படி இயலாது' என்ற ஒற்றை வரி முறையான மறுப்பாகக் கருதத்தக்கதல்ல. அடிக்கடி காணப்படும் காரணம், முன்பே இருந்த நோயைப் பாலிசி எடுக்கும்போது மறைத்தார் என்பதாகும். இக்குற்றச்சாட்டின் வேரைத் தேடினால், பல சமயங்களில் அது டிஸ்சார்ஜ் சம்மரியில், அதாவது மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கத்தில் உள்ள ஒரு வரியாக இருக்கும். நெஞ்சுவலியோடு சேர்க்கப்பட்டவரின் உறவினரிடம் பணியிலிருந்த இளம் மருத்துவர் 'பி.பி. எவ்வளவு நாளா இருக்கு?' என்று கேட்க, பதற்றத்தில் இருப்பவர் 'அது ஒரு அஞ்சு வருஷமா இருக்கும்' என்கிறார். அது ஐந்தாண்டு இரத்தக் கொதிப்பு எனப் பதிவாகிறது. பாலிசி நான்காண்டு பழையதென்றால் அந்த ஒரு வரியே மறுப்புக்குப் போதுமானதாக ஆக்கப்படுகிறது. நோய் முதன்முதலில் கண்டறியப்பட்ட நாளைக் காட்டும் பழைய மருந்துச் சீட்டுகள், பரிசோதனை அறிக்கைகள், சிகிச்சையளித்த மருத்துவரின் விளக்கக் கடிதம் ஆகியவற்றைத் திரட்டி இணைப்பது, பத்துப் பக்க வேண்டுகோளைவிடப் பயன் தரும்.

இதனோடு இணைத்தறிய வேண்டியது தடைக்காலம் பற்றிய விதி. 2024 முதல், மருத்துவக் காப்பீடு இடைவெளியின்றி 60 மாதங்கள் தொடர்ந்திருந்தால், தகவலை மறைத்தார் என்ற காரணத்தைக் காட்டிக் கோரிக்கையை மறுக்க இயலாது. மோசடி நிரூபிக்கப்பட்டால் மட்டுமே விலக்கு. இடையில் காப்பீட்டுத் தொகையை உயர்த்தியிருந்தால், உயர்ந்த பகுதிக்கு மட்டும் அந்தக் கணக்கு உயர்த்திய நாளிலிருந்து தொடங்கும். ஆயுள் காப்பீட்டில் இக்காலம் மூன்றாண்டு. அதன்பின் எக்காரணத்தைக் கொண்டும் பாலிசியைக் கேள்விக்குள்ளாக்க முடியாது என்று 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம், பிரிவு 45 கூறுகிறது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, புகாருக்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் மனு தாக்கல் செய்ய வேண்டும். தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும் அது மனுதாரரின் உரிமையன்று. குறைதீர்ப்பாளரிடம் காத்திருக்கும் காலத்திலும் இந்த இரண்டாண்டை மறந்துவிடலாகாது. எந்த ஆணையத்தில் தாக்கல் செய்வது என்பதும், கட்டணமும் இழப்பீட்டுத் தொகையைப் பொறுத்தன்றிச் செலுத்திய தொகையைப் பொறுத்தே அமைகின்றன. காப்பீட்டில் அது பிரீமியம் என்பதால், பெரும்பாலான குடும்பங்களின் வழக்கு ரூ. 5 லட்சத்துக்குட்பட்ட கட்டணமில்லாப் பிரிவில் அடங்கிவிடும். வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யவும் இயலும். வழக்கறிஞர் வேண்டுமெனில், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அணுகலாம்.

வெளி உதவி என்ற பெயரில் வருவன எல்லாம் உதவியல்ல. கிளெய்மை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணமும் பங்கும் கேட்கும் இடைத்தரகர்களிடம் அசல் மருத்துவ ஆவணங்களைக் கொடுத்துவிட்டு, பின்னர் அவற்றைத் திரும்பப் பெற முடியாமல் தவிப்பது இரட்டை இழப்பு. குறைதீர்ப்பாளர் முன் புகார்தாரர் தாமே, அல்லது சட்டப்படியான வாரிசோ நியமனதாரரோ பாலிசி உரிமை மாற்றித் தரப்பட்டவரோதான் புகார் செய்ய இயலும் என்பதால், தரகருக்கு அங்கே நிற்கவும் இடமில்லை. ஐஆர்டிஏஐயிலிருந்து பேசுவதாகக் கூறி, நிலுவைத் தொகையை விடுவிக்கப் பணம் கட்டச் சொல்லும் தொலைபேசி அழைப்புகள் மோசடியே. அவ்வாறு பணம் பறிபோயிருந்தால் குறைதீர் அலுவலரின் பதிலுக்குக் காத்திருக்காமல், அன்றே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் அளிக்க வேண்டும்.